மீட்டருக்குப் பக்கத்து ஜன்னல்

திங்கள் சாம்பார். செவ்வாய் ரசம்.
புதன் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.
வியாழன் மறுபடி சாம்பார்,
முருங்கைக்காய் மட்டும் முள்ளங்கியாகியிருக்கும்.
பத்து வருஷமாய் என் அடுப்பில் ஓடுவது
ஒரே டவுன் பஸ்.
நிறுத்தமெல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும்.

"இன்னிக்கு என்ன?" என்று தனபால் கேட்பது
நின்று ரொம்ப நாளாகிறது.
கோபமில்லை.
கிழமை தெரிந்தால் போதும் அவருக்கு.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்.
பொன்னம்மாபேட்டை, அம்மாபேட்டைச் சந்துகளெல்லாம்
இரண்டு மாதத்துக்கொரு முறை என் செருப்புக்கு அடியில்.
இந்த ஊரில் மீட்டரை எங்கே வைப்பார்கள் தெரியுமா?
மாடிப்படிக்குக் கீழே, சைக்கிளுக்குப் பின்னால்,
பாதி வீடுகளில் சமையலறை ஜன்னலை ஒட்டி.
எண்ணைப் படிக்கும் அரை நிமிஷத்தில்
மூக்கு தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

யூனிட் நானூற்றுப் பன்னிரண்டு: கருவாடு.
இருநூற்று ஆறு: பால் அடிப்பிடித்துவிட்டது,
யாரோ போனில் இருக்கிறார்கள்.
கதவு பூட்டு: நேற்று வதக்கிய வெங்காயம்.

சித்திரையில் ஒருநாள், பதினொன்றரை மணி.
விசைத்தறி இரண்டு ஓடுகிற வீடு.
தறிச் சத்தத்தை விலக்கிக்கொண்டு வந்தது ஒரு வாசனை.
மோர்க்குழம்பு, சந்தேகமில்லை.
ஆனால் பூசணி இல்லை, வெண்டை இல்லை.
எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

"உள்ள என்னங்க காய்?"
கேட்ட பிறகுதான் வெட்கம் வந்தது.
லுங்கியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க
கரண்டியோடு வந்தார் சென்றாயன்
(பெயர் அட்டையில் இருந்தது).
என்னைவிட அவர்தான் கூசினார்.

"ஒண்ணுமில்லீங்க. நேத்து பசங்க
தர்பூசணி தின்னுட்டுத் தோலைப் போட்டுட்டாங்க.
பச்சையைச் சீவிட்டு வெள்ளையை நறுக்கிப் போட்டேன்.
பூசணிக்குத் தம்பிதானுங்களே அதுவும்?"

சம்சாரம் ராத்திரித் தறி ஓட்டிவிட்டுத் தூங்குகிறாளாம்.
இந்தச் சத்தத்திலா?
"சத்தம் நின்னாத்தானுங்க முழிப்பா."
முறை தெரிந்து சமைப்பதில்லையாம்,
கண்ணில் பட்டதை ஆக்குகிறாராம்.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
தோல். வெள்ளை. மோர்.
அடுத்த வீட்டில் அட்டையை நீட்டிய பெண்
அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு முதல்முறை சரியாக வரவில்லை.
பச்சையைச் சரியாகச் சீவவில்லை, கசந்தது.
மகள் இளவேனில் தட்டின் ஓரத்தில்
வேலி மாதிரி அடுக்கி வைத்தாள்.

விடவில்லை நான்.
தட்டுவடை செட்டு போடுகிற வண்டிக்காரர்
டப்பாவின் அடியில் தங்கிய உடைசலை
ஒரு கவர் பத்து ரூபாய்க்குத் தந்தார்.
கொதிக்கும் ரசத்தை இறக்கி அதில் போட்டேன்.
நொறுங்கலும் இல்லை, ஊறலும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
மூன்று நிமிஷம் மட்டும் இருக்கிற ஒரு ருசி.
"சீக்கிரம், சீக்கிரம்" என்று
வீட்டையே ஓடவைத்தேன்.

ஏற்காட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய கூடையில்
அடிபட்ட பேரிக்காய், கூறு இருபது.
தின்ன ஆகாது, கல்.
வத்தக்குழம்பில் போட்டேன்.
புளிக்கும் அதற்கும் ஏதோ பழைய உறவு போல,
உடனே ஒத்துப்போயின.

அன்றைக்குத் தனபால்
இரண்டாவது கரண்டி ஊற்றிக்கொண்டு
சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.
"இன்னிக்கு என்ன கிழமை?"

பத்து வருஷத்தில்
என் சமையலுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.
அவருக்கே தெரியாது.

ஆனியில் மறுபடி அந்தத் தறி வீடு.
உடைந்த தட்டுவடையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று
சந்து முனையிலிருந்தே வாக்கியம் கூட்டிக்கொண்டு போனேன்.
சென்றாயன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்,
வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி.
"இன்னிக்கு வெறும் சாம்பாருங்க."

பெருங்காயம் தூக்கலாய், பருப்பு குழைந்து,
அப்படியொரு வாசனை.
மீட்டரை மறந்து நின்றேன்.

"முள்ளங்கிங்களா?"